கரடிப்புல்லின் மகள்

தூவானூரில் புனிதவதியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் டாக்டரம்மாதான். வந்த புதிதில் முட்டிவலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆய்வு நிலையத்து வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். தான் புல்லுக்கு மட்டும்தான் டாக்டர் என்று ஒவ்வொருவரிடமும் அவள் விளக்கிச் சொன்னாள். ஊர் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. அப்புறம் புல்லுக்கு ஒரு டாக்டர், டாக்டருக்கு ஒரு ஜீப், ஜீப்புக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்கு ஒரு பூட்டு என்று சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தது.

அது நடந்து பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. தூவானூர் கொடைக்கானலுக்கு மேற்கே, மலை கேரளத்தைப் பார்த்துச் சரியத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. நூற்றுப் பத்து வீடுகள். வீட்டுக்கு இரண்டு மூன்று கறவை மாடுகள். முன்பெல்லாம் உறைபனி மார்கழியில் பத்து நாள் விழும், தையில் ஐந்து நாள் விழும், அதோடு சரி. பருவம் முறை தவறிய பிறகு கார்த்திகையில் தொடங்கி மாசி முடியும் வரை விழுந்தது. கீழே சமவெளியில் வெயில் ஏற ஏற மேலே பனியும் ஏறியது. அது எப்படி என்று விஞ்ஞானிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாடுகளுக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. காலையில் மேய்ச்சலுக்குப் போனால் புல் கண்ணாடித்தூள் மாதிரி நொறுங்கியது. பத்து மணி வெயில் பட்டதும் கருகியது. ஒரே குளிர்காலத்தில் ஊர் மாடுகளில் மூன்றில் ஒரு பங்கு லாரி ஏறிக் கீழே போயின.

அந்தப் பனியிலும் பச்சையாக நின்றது ஒன்றே ஒன்று. பாறை இடுக்குகளில் முளைக்கிற கரடிப்புல். கரடி மயிர் மாதிரி சொரசொரப்பு, பாகற்காய் மாதிரி கசப்பு. மாடுகள் அதை ஒரு வாய் கடித்துவிட்டு ஓட்டி வந்தவரைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையில் நல்ல வார்த்தை எதுவும் இருக்காது.

புனிதவதிக்கு வந்த யோசனை எளிமையானது. மாடுகள் ஆசையாய்த் தின்பது ரைகிராஸ் என்கிற சீமைப்புல். பனியில் நிற்பது கரடிப்புல். இரண்டும் தூரத்துச் சொந்தம். கல்யாணம் செய்து வைத்தால் என்ன? ஆனால் சம்பந்தம் லேசில் கூடிவரவில்லை. கதிர் மலர்வதற்கு முன்பே கடுகை விடச் சிறிய பூக்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் பிரித்து மகரந்தப் பைகளை எடுக்க வேண்டும். மற்றதன் மகரந்தத்தைத் தூரிகையால் தடவ வேண்டும். விதை பிடித்தாலும் உள்ளே கரு பட்டினியில் செத்தது. அதைச் சாகுமுன் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்து ஊட்டி வளர்க்க வேண்டும். ரைகிராஸைத் தாயாக வைத்துச் செய்தவற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. கரடிப்புல்லைத் தாயாக வைத்ததில், பதினோராவது வருஷம் மூன்று நாற்றுகள் பிழைத்தன. ஒன்றை நத்தை தின்றது. ஒன்றை, பார்வையிட வந்த இயக்குநர் மிதித்துவிட்டார். மூன்றாவது நின்றது.

நின்றதோடு இல்லாமல் இனித்தது. பனியில் பச்சையாகவும் இருந்தது. ஊர் அதற்கு டாக்டர் புல் என்று பெயர் வைத்தது. அதற்கு ஒரு குறைதான் உண்டு. கோவேறு கழுதையைப் போல அதற்கு வாரிசு கிடையாது, விதை வைக்காது. தூரைப் பிரித்துப் பிரித்துக் கையால்தான் நட வேண்டும். நிலையத்தில் கூலிக்கு வந்த பெண்கள் மூன்று வருஷமாக அதைத்தான் செய்தார்கள். அவர்களில் செவந்தி நட்ட தூர் ஒன்றுகூடச் சாகவில்லை. இருபத்தாறு வயது, மூன்று மாடு, எட்டு மாதக் கைக்குழந்தை. புருஷன் பட்டாளத்தில், இமயமலை உச்சியில் ஏதோ ஒரு காவல் முனையில் இருந்தான். அந்த ஊரிலிருந்து அப்படி ஒன்பது பேர் போயிருந்தார்கள்.

நாற்பது ஏக்கர் புறம்போக்கில் டாக்டர் புல் பரவி நின்ற அந்தக் குளிர்காலத்தில், ஊரை விட்டு ஒரு மாடும் போகவில்லை. கறவை குறையவில்லை. பால் சங்கத் தலைவர் குருநாதன் கொடைக்கானலிலிருந்து ரோஜா மாலை வாங்கி வந்தார். புல்லுக்கு மாலை போட வழியில்லாததால் புனிதவதிக்குப் போட்டார்.

மார்கழி பாதியில், டீக்கடை யாகூப்தான் முதலில் ஒரு விஷயத்தைச் சொன்னார். வியாபாரம் குறைந்தது பற்றி அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவருடைய குழப்பம் வேறு.

"இந்த ஊர்ல இருவது வருசமா டீ ஆத்துறேன் டாக்டரம்மா. மார்கழி மாசத்துல எவனும் கிளாஸை ஒத்தைக் கையில பிடிச்சு நான் பார்த்ததில்ல. அங்க பாருங்க."

புனிதவதி பார்த்தாள். பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள். வெளியே புல் நுனியெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. ஆறு பேரும் கிளாஸை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து, மற்ற கையால் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வெறும் பனியனோடு இருந்தான். பிறகு அவள் தன் கையைப் பார்த்தாள். அவளும் அப்படித்தான் பிடித்திருந்தாள். இந்த வருஷம் ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐம்பதை நெருங்குகிற பெண்ணுக்கு உடம்பு சூடாவது சகஜம் என்று அவள் தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டாள். பெஞ்சில் இருந்த ஆறு பேருக்கும் அந்த வைத்தியம் பொருந்தாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் குருநாதனின் மனைவி காமுத்தாய் நிலையத்துக்கே வந்தாள். அவர்கள் வீட்டு விஷயம் ஊருக்கே தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காதுகுத்து வீட்டில், காமுத்தாயின் தம்பிக்கு இரண்டாவது தடவை குழம்பு ஊற்றவில்லை. அன்றிலிருந்து புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே ஒரு நல்ல கம்பளி. பனிக்காலத்தில் இரண்டு பேரும் அதற்குள்தான் படுத்தாக வேண்டும். பேசாமல் படுப்பார்கள். பதினோரு பனிக்காலம் அப்படிப் போயிருந்தது.

"இப்ப அவரு பரண்ல ஏறிப் படுத்துக்கிறாரு" என்றாள் காமுத்தாய். "குளிரவே இல்லையாம். பேசாத மனுசன் பக்கத்துல படுத்திருந்தா அது ஒரு மாதிரிம்மா. பேசாத மனுசன் பரண்ல படுத்திருந்தா அது வேற மாதிரி."

இதில் தான் செய்யக்கூடியது என்ன இருக்கிறது என்று புனிதவதி கேட்டாள்.

"உங்க புல்லை மாடு திங்குது. அந்த மாட்டுப் பாலை நாங்க குடிக்கிறோம். இந்த ஊர்ல வேற எதுவும் மாறல."

புனிதவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைத்துக்கொண்டு, புல் புருஷன் பொண்டாட்டி விவகாரத்தில் தலையிடாது என்று ஆறுதல் சொல்லி, நல்ல காபி ஒன்று போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அந்தக் காபியிலும் அதே பால்தான். பிற்பாடு, தன் துறையில் இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் ஒரு ஆய்வு முடிவை யாரும் சொன்னதில்லை என்று அவள் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

தை மாதம் இரண்டாவது வாரம், காலை ஆறரை மணிக்கு, செவந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு ஓடிவந்தாள். தலையில் முக்காடில்லை, காலில் செருப்பில்லை. அவள் மாடு கறக்கப் போனபோது கன்றுக்குட்டி முட்டிக் கதவு திறந்திருக்கிறது. தூளியில் கிடந்த குழந்தை மேல் பனிக்காற்று முக்கால் மணி நேரம் அடித்திருக்கிறது. குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. கை கால்கள் துவண்டு கிடந்தன. கண் திறந்திருந்தது.

"அழவே இல்லீங்க. ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். அழவே இல்ல."

புனிதவதி புல்லுக்குத்தான் டாக்டர். அவளிடம் இருந்தது மண்ணின் சூடு பார்க்கிற வெப்பமானிதான். அதைத் துடைத்துக் குழந்தையின் அக்குளில் வைத்தாள். மண்ணுக்கு என்றால் அது நல்ல சூடு. குழந்தைக்கு அது ஆகாது. ஈரத் துணியை உருவிப் போட்டுவிட்டுக் குழந்தையைச் செவந்தியின் வெறும் மார்போடு வைத்து, இரண்டு பேரையும் சேர்த்துச் சாக்கும் கம்பளியுமாகச் சுற்றி ஜீப்பில் ஏற்றினாள். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டர். வழி நெடுக இரண்டு பேரின் காதும் அந்தக் கம்பளிச் சுருளின் மேலேயே இருந்தது.

குழந்தை பிழைத்தது. இன்னும் அரைமணி நேரம் ஆகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் அங்கிருந்த பெண் மருத்துவர். குளிரில் வைத்தால் எந்தக் குழந்தையும் வீட்டைக் கூட்டிவிடுமே, இது ஏன் அழவில்லை என்று அவர் இரண்டு மூன்று முறை கேட்டார். புனிதவதி செவந்தியின் கால்களைப் பார்த்தாள். உறைந்த தரையில் வெறுங்காலோடு ஓடிவந்ததில் இரண்டு பாதமும் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. செவந்தி அதை உணரவே இல்லை.

திரும்பி வந்ததும் புனிதவதி பால் குடிப்பதை நிறுத்தினாள். செவந்தியும் நிறுத்தினாள், குழந்தைக்கும் கஞ்சியில் பால் சேர்க்கவில்லை. எட்டாம் நாள் வரை ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் புனிதவதி பல் துலக்கும்போது தண்ணீர் சுருக்கென்று குத்தியது. பதினோராம் நாள் ஸ்வெட்டரைத் தேடி எடுத்தாள். அன்று செவந்தி வேலைக்கு வந்தபோது அவள் தோள்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. இருவரும் நாற்று வைக்கும் கண்ணாடி வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து அதை வைத்தே பேசினார்கள்.

கரடிப்புல்லுக்குள் ஒரு குடித்தனக்காரன் உண்டு என்று புனிதவதி சொன்னாள். பூஞ்சை மாதிரி ஒன்று. கண்ணுக்குத் தெரியாது. தண்டுக்குள்ளேயே பிறந்து தண்டுக்குள்ளேயே சாகும். பனி விழுந்தால் அது ஒரு சாறு சுரக்கும். புல் கருகாமல் நிற்பதில் பாதிப் பங்கு அந்தச் சாற்றுக்குத்தான்.

"அது டாக்டர் புல்லுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"தாய் வழியா. அப்பன் வழியா வராது. நான் கரடிப்புல்லைத் தாயா வச்சேன்."

"அவன் உள்ள இருக்கான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இருக்கான்னு தெரியும். பால் வரைக்கும் வருவான்னு தெரியாது." புனிதவதியே தொடர்ந்து சொன்னாள்: "தேடிப் பார்த்திருக்கணும். பார்க்கல."

செவந்தி அந்தச் சாறு குளிரை எடுத்துவிடுகிறதா என்று மட்டும் கேட்டாள்.

"குளிரை எடுக்காது. குளிருதுன்னு சொல்ற நரம்பை மழுங்க வச்சிருது. உடம்பு பாட்டுக்கு வெறைச்சுக்கிட்டுத்தான் இருக்கும். நமக்குச் சேதி வராது, அவ்வளவுதான்."

அந்த வாரமே பால் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். புனிதவதி எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. யாகூப் மட்டும், குளிர் மார்கழியில் தன் கடைக்குப் பங்காளி மாதிரி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நல்லது என்றார். மற்றவர்களுக்குப் புல்லை விட மனமில்லை. குருநாதன் நீண்ட நேரம் தாடையைத் தடவிவிட்டு, புல் போனால் மாடு போய்விடும், மாடு போனால் ஊரில் ஆள் இருக்க மாட்டார்கள் என்றார். அதுவும் உண்மைதான். ஒருவர், பாலை நாம் குடிக்காமல் கீழே மதுரைப் பக்கம் அனுப்பிவிடலாமே, அங்கேதான் குளிரே கிடையாதே என்று ஒரு வழி சொன்னார். தூவானூரின் பால் கீழே போய் யார் வீட்டுக் குழந்தைக்குப் போகும் என்று செவந்தி கேட்டாள். அவர் உட்கார்ந்துவிட்டார். கடைசியில், குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, பெரியவர்கள் பார்த்து நடந்துகொள்வது, பாலை ஊருக்கு வெளியே விற்காமல் மாசி வரை தள்ளிப் பார்ப்பது என்று யாருக்கும் திருப்தியில்லாத ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

புனிதவதி நடந்ததை ஒளிக்காமல் எழுதி, பால் மாதிரியும் சேர்த்து இயக்குநருக்கு அனுப்பினாள். அப்படி எழுதுவது தன் கடமை என்று நினைத்தாள். இயக்குநர் அதைப் படித்தாரா என்பது தெரியாது. வேறு யாரோ படித்திருக்கிறார்கள்.

மாசி இரண்டாவது வாரம், தில்லியில் ஒன்றரை வரி நீளத்துக்குப் பெயர் கொண்ட ஒரு பிரிவிலிருந்து வேதமூர்த்தி என்ற அதிகாரி வந்தார். தமிழர்தான். மென்மையாகப் பேசினார். படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எதிரே நின்ற எல்லோரையும் உட்காரச் சொன்னார். அவரை வெறுக்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. குருநாதன், யாகூப், செவந்தி, இன்னும் நாலைந்து பேர் நிலையத்து வராந்தாவில் இருந்தார்கள்.

புல்லைக் குறை சொல்ல யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் புனிதவதி நினைத்தாள். அவரோ அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். மலை உச்சிகளில் காவல் நிற்கிற பையன்களைப் பற்றிச் சொன்னார். எதிரியை விட அதிகம் அவர்களை வாட்டுவது குளிர்தான். தூக்கம் போகிறது, தெம்பு போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவனை நிறுத்த முடிவதில்லை. இந்தப் பால் கிடைத்தால் அதே பையன் ஆறு மணி நேரம் நிற்பான். பாலில் அந்தச் சாறு ஐந்து நாளுக்கு மேல் தங்குவதில்லை என்று அவர்கள் சோதித்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள். அதனால் புல்லையே வடக்கே கொண்டுபோய் அங்குள்ள பண்ணைகளில் நட வேண்டும். இந்தப் புல் உலகத்தில் இந்த ஒரு ஊரில்தான் இருக்கிறது. இயக்குநரின் அனுமதிக் கடிதம் கைக்கு வரப் பதினைந்து நாள் ஆகும். வந்ததும் வண்டிகள் வரும்.

செவந்தி எழுந்து நின்றாள். தான் ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றாள்.

"என் வீட்டுக்காரரும் அங்கதாங்க இருக்காரு."

வேதமூர்த்தியின் முகம் மலர்ந்தது. அப்படியானால் முதல் சந்தோஷம் அவளுக்குத்தான் என்றார். செவந்தியும் ஒரு கணம் சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது. போனில் பேசினால் அவன் குளிரைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை என்றாள். குழந்தையைப் பற்றிக் கேட்பதற்குள் பல் கிட்டிவிடும் என்றாள். பிறகு சொல்லைத் தேடுகிற மாதிரி நின்று கேட்டாள்:

"குளிர் தெரியலேன்னா, போதும், உள்ள போகணும்னு அவருக்கு எப்படிங்க தெரியும்?"

"அதை மேல இருக்கிறவங்க பார்த்துச் சொல்லுவாங்கம்மா."

"அவங்களும் இந்தப் பாலைத்தான் குடிப்பாங்களா?"

வேதமூர்த்தி தன் காகிதங்களைக் குனிந்து பார்த்தார். பொய் சொல்லிப் பழகாத மனிதர் போலிருக்கிறது. "அவங்க கீழ் முகாம்ல இருப்பாங்க" என்றார்.

செவந்தி சரிங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வேதமூர்த்தி தன் காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் தனித்தனியே வணக்கம் சொல்லி, மதியத்துக்குள் கிளம்பிவிட்டார்.

மூன்று மணிக்குப் புனிதவதி கண்ணாடி வீட்டிலிருந்து வெளியே வந்தபோது, கீழ்ச்சரிவில் செவந்தி தனியாகக் குனிந்து நிற்பது தெரிந்தது. தூர் பிரிக்கிறாள் என்று முதலில் நினைத்தாள். ஆனால் பிரித்ததை அவள் திரும்ப நடவில்லை. மண்வெட்டியால் தூரை வேரோடு நெம்பி, மண்ணை உதறி, பக்கத்தில் குவித்துக்கொண்டே போனாள். வெட்டும் இடம் தெரிந்த கை. எல்லாம் அவள் நட்டதுதான்.

புனிதவதி சரிவின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றாள். அங்கிருந்து ஒரு அதட்டல் போட்டிருந்தால் செவந்தி நிறுத்தியிருப்பாள். பதினான்கு வருஷம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதில் இந்த மலைக்கு வந்தது, கோயம்புத்தூரில் தங்கைகள் கல்யாணத்துக்கெல்லாம் பூப்பூக்கிற பருவம் என்று போகாமல் இருந்தது, இடுக்கி பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் மரத்துப் போனது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அனுமதிக் கடிதத்துக்கு மறுப்பு எழுதலாம். எழுதினால் வேறு ஒருவர் அதற்கு மறுப்பு எழுதுவார். புல் மண்ணில் நிற்கும் வரை வண்டிகள் வந்தே தீரும். அவள் கொட்டகையைத் திறந்து இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

செவந்தி நிமிர்ந்து பார்த்தாள். "வேரை விட்டுட்டா திரும்ப வந்துரும்ல?"

"வரும். ஆழமா நெம்பு" என்றாள் புனிதவதி.

மறுநாள் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியிருந்த மற்ற எட்டு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதற்கு மறுநாள் காமுத்தாய் வந்தாள். குருநாதன் மூன்று நாள் வரவில்லை. வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். நான்காம் நாள் கடப்பாரையோடு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், மேட்டில் இருந்த தூர்களிலிருந்து ஆரம்பித்தார். நாற்பது ஏக்கர் ஒன்பது நாளில் காலியானது.

பிடுங்கின புல்லை என்ன செய்வது என்பதில் ஒரு சங்கடம் வந்தது. குவித்து வைத்த புல் வாடவில்லை. ஒவ்வொரு நாளும் பனியில் நனைந்து, காலையில் முன்பை விடப் பச்சையாக எழுந்து உட்கார்ந்தது. சில தூர்கள் குவியலுக்குள்ளேயே வேர் விட்டன. மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு அதை நோக்கி வந்தன. கொளுத்திப் பார்த்தார்கள், ஈரத்தில் புகைந்து அணைந்தது. கடைசியில் பால் சங்கத்துக்குப் பின்னால் பெரிய குழி வெட்டி, ஒரு அடுக்கு புல், ஒரு அடுக்கு பச்சைச் சாணம் என்று போட்டு மூடினார்கள். சாணம் நொதித்துச் சூடேறிய பிறகுதான் அது அடங்கியது. எந்தப் பனிக்கும் அசையாத புல், சாணச் சூட்டில் நாலு நாளில் கூழாகிவிட்டது.

வேதமூர்த்தி சொன்ன நாளில் மூன்று வண்டிகளோடு வந்தார். கொத்தின மாதிரி கிடந்த சரிவுகளைப் பார்த்தார். பனி கொண்டுபோய்விட்டது என்று குருநாதன் சொன்னார். பால் சங்கத் தலைவராக இருந்து பழகியதால் அவருக்கு அது திக்காமல் வந்தது. வேதமூர்த்தி சரிவில் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார். மண்வெட்டித் தடங்களைப் பார்த்தார். ஆவி பறந்துகொண்டிருந்த குழியைப் பார்த்தார். கடைசியாகச் செவந்தியைப் பார்த்தார். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக அவரைப் பார்த்து நின்றாள். புனிதவதியிடம் திரும்பி, பனியில் அழிந்ததை எழுத்தில் கொடுத்துவிட்டால் தனக்குப் போதும் என்றார். காலி வண்டிகள் மூன்றும் திரும்பிப் போயின.

அதன் விலை சின்னதில்லை. அடுத்த கார்த்திகையை நினைத்து, பங்குனியிலேயே ஊரில் இருபத்தெட்டு மாடுகளை விற்றார்கள். செவந்தி தன் மூன்றில் மூத்ததை விற்றாள். லாரி கிளம்பும்போது அவள் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டாள். கண்ணாடி வீட்டில் புனிதவதி மறுபடி தொடங்கியிருந்தாள். கரடிப்புல்லின் விதையைச் சூடு காட்டி உள்ளிருக்கும் குடித்தனக்காரனைக் காலிசெய்துவிட்டு, அப்புறம் சம்பந்தம் பேசுவது. அப்படி வரும் புல் ஐம்பது நாள் பனிக்கு நிற்காது. பத்து நாள் நின்றால் பெரிய விஷயம். குருநாதனிடம் அதைச் சொன்னபோது, பத்து நாள் இருந்தாலும் பரவாயில்லை என்றார். அவர் பரணிலிருந்து இறங்கிவிட்டாரா என்று யாகூப் காமுத்தாயிடம் கேட்டதற்கு, டீயில் சர்க்கரை குறைவு என்று பதில் வந்தது.

அறிக்கை எழுதுவது மட்டும் பாக்கி இருந்தது. கடந்த பதினான்கு குளிர்காலங்களில் புனிதவதி இயக்குநரகத்துக்கு எத்தனையோ அறிக்கைகள் அனுப்பியிருக்கிறாள். கரடிப்புல் பனியில் பச்சையாக நிற்கிறது என்று படத்தோடு எழுதினால், படம் எந்த மாதம் எடுத்தது என்று கேள்வி வரும். கலப்பினம் நிற்கிறது என்று எழுதினால், மூன்று குளிர்காலத் தரவு வேண்டும் என்று வரும். தரவு போனால் குழு வரும். குழு கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, பச்சைப் புல்லின் மேல் நின்றபடியே, இன்னும் ஆதாரம் தேவை என்று எழுதிவிட்டுப் போகும். இந்த முறை அவள் எழுதியது ஒரே வரி: இப்பருவத்தின் கடும் உறைபனியில் கலப்பினப் புல் முழுவதும் கருகி அழிந்துவிட்டது.

அதை எழுத அவளுக்கு இரண்டு நாள் ஆனது. தான் செய்ததில் மிகச் சிறந்த ஒன்று தோற்றுப்போனது என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கேள்விகள் வரும், விசாரணை வரும், மாதிரி கேட்பார்கள் என்று அவள் எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தாள்.

அனுப்பிய அன்றே, மாலை நான்கு மணிக்கு, இயக்குநர் போனில் வந்தார். அவர் குரலில் இவ்வளவு பரிவை அவள் கேட்டதில்லை. படம் கேட்கவில்லை. தரவு கேட்கவில்லை.

"எனக்கு மொதல்லருந்தே ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா. பனியில எந்தப் புல்லும்மா நிக்கும்?"

"நிக்காதுங்க சார்" என்றாள் புனிதவதி.

மனதைத் தளரவிட வேண்டாம் என்றார். விஞ்ஞானத்தில் இதெல்லாம் சகஜம் என்றார். தன் இளமையில் ஒரு மக்காச்சோளம் தன்னை ஏமாற்றிய கதையைக் கால்மணி நேரம் சொன்னார். வேண்டுமானால் கீழே காய்கறிப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, சுரைக்காயில் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவள் போனை வைத்தாள்.

கண்ணாடி வீட்டு வாசலில் செவந்தி நாற்றுத் தட்டோடு நின்றிருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"ஆறுதல் சொன்னாரு."

செவந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. புனிதவதிக்கும் தொற்றிக்கொண்டது. நாற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கே தன் சிரிப்பு முடிந்து அழுகை தொடங்கியது என்று புனிதவதிக்குத் தெரியவில்லை. செவந்தி அதைப் பார்க்காத மாதிரி குனிந்து, ஒவ்வொரு நாற்றாக எடுத்து, இதில் எது தாய், எது அப்பன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். புனிதவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.